இரண்டாவது கேட்: சுவர் நம்முடையது, வாறுகால் யாருடையது?

வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு கேட் இருக்கிறது. பக்கத்துத் தெருவிலோ பின்பக்கச் சாலையிலோ இன்னொரு கேட் வைத்து வண்டி ஏற்றி இறக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். மனை தன் பெயரில் பட்டா, சுவர் தன் காசில் கட்டியது, அப்புறம் இதற்கு எதற்கு நகராட்சியில் மனு? ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி என்று கடலோர ஊர் எதை எடுத்தாலும் இந்தக் கேள்வி இருக்கிறது, கூடவே இரண்டு ரெடிமேட் பதில்களும் சுற்றுகின்றன. ஒன்று, "என் இடம், நான் பத்து கேட் வைப்பேன்". இன்னொன்று, "ஒரு வீட்டுக்கு ஒரு கேட்தான், சட்டமே அப்படி".

இரண்டுமே பாதிதான் சரி. "ஒரு மனைக்கு ஒரு வண்டி வழி" என்று எண்ணிக்கை போட்டுக் கட்டுப்படுத்துவது அமெரிக்கா, கனடா நகரங்களில் பரவலான வழக்கம். அங்கே இரண்டாவது வழி வேண்டுமென்றால் மனையின் முகப்பு இத்தனை அகலம் இருக்க வேண்டும், மூலை மனையாக இருக்க வேண்டும், நடைபாதை விளிம்பை உடைக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்றெல்லாம் நகரத்துக்கு நகரம் விதி உண்டு. அந்த ஊர் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே விதி இங்கேயும் இருப்பதாக நினைப்பதால்தான் பாதிக் குழப்பம். நம் ஊரில் கேட்டின் எண்ணிக்கையை வைத்து முடிவு நடப்பதில்லை. கேட்டுக்கு வெளியே உள்ள நாலைந்து அடி நிலத்தை வைத்துத்தான் நடக்கிறது.

முதலில் கேட்டைப் பிரித்துப் பார்ப்போம்

வீட்டுக்குள்ளிருந்து ஒரு கார் தெருவுக்கு வர நான்கு இடங்களைக் கடக்கிறது.

1. கேட். இது நம் சுவரில், நம் எல்லைக்குள் இருக்கிறது. இதற்கு உள்ள முக்கியக் கட்டுப்பாடு, கதவு வெளிப்பக்கம் தெருவில் திறக்கக் கூடாது என்பது. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டக் காலத்திலிருந்தே வரும் கட்டுப்பாடு இது. உள்பக்கம் திறக்கலாம், அல்லது தள்ளு கேட் போடலாம்.

2. ராம்ப். தெரு மட்டத்திலிருந்து வீட்டு மட்டத்துக்கு ஏறும் சரிவு. ராமநாதபுரத்துப் பக்கம் புது வீடு என்றால் தெருவை விட இரண்டு மூன்று அடி உயர்த்தித்தான் கட்டுகிறார்கள், மழைத் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்ற பயம், அது நியாயமான பயமும்கூட. ஆனால் அந்த உயரத்துக்கான சரிவை நம் மனைக்குள் கொடுக்காமல் தெருவில் இறக்கிவிடுகிறோம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

3. வாறுகால், அதாவது தெருவோரத் தண்ணீர் வடிகால். ராம்ப்புக்கு அடியில் ஓடுவது. சில தெருக்களில் கான்கிரீட் போட்டது, சில தெருக்களில் வெறும் மண் பள்ளம்.

4. தார்ச்சாலையின் ஓரம். சரளை கொட்டிய பகுதி, மின்கம்பம், குடிநீர்க் குழாய், ஏதாவது ஒரு வேப்பமரமோ பூவரசோ.

முதலாவது மட்டும்தான் நம்முடையது. மற்ற மூன்றும் பொதுச்சொத்து. "சாலை என்றால் தார் போட்ட இடம்தானே, ஓரம் சும்மா கிடக்கிற மண்தானே" என்று கேட்பவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 1965இலேயே பதில் சொல்லிவிட்டது. மங்களூர் நகராட்சி மன்றம் எதிர் மகாதேவ்ஜி மகராஜ் என்ற வழக்கு அது (கர்நாடக மங்களூர் இல்லை, அப்போது உத்தரப் பிரதேசத்தில் இருந்து இப்போது உத்தராகண்டில் இருக்கும் ஊர்). பொதுச்சாலை என்பது வண்டி ஓடும் பகுதியோடு முடிவதில்லை, அதைத் தாங்கவும் பராமரிக்கவும் தேவையான பக்கவாட்டு நிலமும் வாறுகாலும் சாலையில் சேர்ந்தவையே என்பது அதன் சாரம். அதே தீர்ப்பு நகராட்சியின் கையையும் கட்டுகிறது. அந்த ஓரத்தில் சாலைக்குச் சம்பந்தமில்லாத எதையும் நகராட்சி தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ள முடியாது, ஏனென்றால் அது நகராட்சியின் சொந்த மனை இல்லை, பொதுமக்களின் வழிக்காக அதன் பொறுப்பில் விடப்பட்ட இடம்.

அப்படியானால் நமக்கு உரிமையே இல்லையா?

இருக்கிறது, நல்ல வலுவான உரிமைதான். பொதுச்சாலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் அந்தச் சாலைக்கு வந்துபோகும் உரிமை உள்ளவர் என்பதை நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. யாராவது கேட்டுக்கு முன்னால் பெட்டிக்கடை போட்டு மறைத்தால் அதை எடுக்கச் சொல்லிக் கேட்க இந்த உரிமைதான் ஆதாரம்.

ஆனால் அந்த உரிமை வந்துபோவதற்கான உரிமை. எப்படி, எத்தனை இடத்தில், எவ்வளவு அகலத்தில் என்பதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் சாலையைப் பராமரிப்பவர் கையில் இருக்கிறது. முதல் கேட்டை அவர்கள் லேசில் மறுக்க முடியாது, மறுத்தால் வீடு அடைபட்டுப் போகும். இரண்டாவது கேட்டில் அந்த நெருக்கடி இல்லை. "ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று கேட்க அவர்களுக்கு இடமிருக்கிறது, காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு மனுதாரர் பக்கம் வந்துவிடுகிறது. முதல் கேட்டுக்கும் இரண்டாவது கேட்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான்.

எந்தச் சாலை, யார் கையில்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மனு எழுதுவது வீண். நகராட்சி எல்லைக்குள் வீடு இருப்பதால் எல்லாச் சாலையும் நகராட்சியுடையது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை, ஒரே வீட்டின் முன்பக்கம் ஒரு துறையும் பின்பக்கம் இன்னொரு துறையுமாக இருப்பது சகஜம்.

1. ஊருக்குள் இருக்கும் தெருக்கள்: ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் என்றால் நகராட்சி ஆணையர். மண்டபம், தொண்டி என்றால் பேரூராட்சி செயல் அலுவலர். இவற்றுக்கெல்லாம் 2023 ஏப்ரல் 13 முதல் 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023 விதிகளும் பொருந்தும். வீட்டு வரைபடத்தைப் பொறுத்தவரை 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த மேம்பாடு மற்றும் கட்டிட விதிகள்.

2. கிராம ஊராட்சித் தெருக்களும் ஊராட்சி ஒன்றியச் சாலைகளும்: 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். தெரு என்றால் ஊராட்சி, ஒன்றியச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர்.

3. மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலைகள்: நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர். 2001ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டப்படி இந்தச் சாலைகளுக்குக் கட்டிடக் கோடு, கட்டுப்பாட்டுக் கோடு என்று, சாலையோரத்தில் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் எல்லைகளைக் குறிக்கலாம், சாலைக்குப் புதிதாக வழி திறப்பதையும் கட்டுப்படுத்தலாம்.

4. தேசிய நெடுஞ்சாலை: மதுரையிலிருந்து பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வழியாகத் தனுஷ்கோடி போகும் 87ஆம் எண் சாலை இந்த வகை. இங்கே 2002ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் (நிலம் மற்றும் போக்குவரத்து) கட்டுப்பாட்டுச் சட்டம் பேசும். வண்டியில் வந்தாலும் சரி, ஐந்து பேருக்குக் குறையாத கூட்டமாக நடந்து வந்தாலும் சரி, நெடுஞ்சாலை நிர்வாகத்தின் பொது அனுமதியோ தனி அனுமதியோ இல்லாமல் உள்ளே நுழையும் உரிமை யாருக்கும் இல்லை என்று அந்தச் சட்டம் நேராகவே சொல்கிறது. கொடுத்த அனுமதியை மாற்றவும், வழியைத் திருப்பிவிடவும் அதில் அதிகாரம் இருக்கிறது. அனுமதி கேட்கும் முறையை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஜூனில் ஒன்றாகத் தொகுத்து வெளியிட்டது.

சாலை யாருடையது என்பதை அ-பதிவேட்டிலும் (நில வகை, உரிமையாளர் விவரம் உள்ள வருவாய்த் துறைப் பதிவேடு) எஃப்.எம்.பி. எனப்படும் நில அளவைப் புல வரைபடத்திலும் முதலில் பார்க்கலாம். இரண்டையும் தமிழக அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். சாலை புறம்போக்கா, வாய்க்கால் புறம்போக்கா, நத்தமா என்று அதில் இருக்கும். "வாய்க்கால்" என்று இருந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஏன் என்பதற்கு அடுத்த பகுதி.

ராமநாதபுரத்தில் உண்மையான தடை தண்ணீர்

மனு நிராகரிக்கப்பட்டால் "போக்குவரத்துக்கு இடையூறு" என்ற வரியைத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள், அது எழுதுவதற்குச் சுலபமான வரி. ஒரு நாளைக்கு நாலு டூவீலரும் ஒரு ஆட்டோவும் போகும் தெருவில் அந்தக் காரணம் நிற்காது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதே தெருவில் வாறுகால் என்ற காரணம் நன்றாகவே நிற்கும்.

இந்த மாவட்டத்து மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. தரை சப்பை. தண்ணீர் தானாக ஓடிவிடாது, இழுத்துக்கொண்டு போக வாட்டம் (தரைச் சரிவு) வேண்டும், அந்த வாட்டமோ மிகக் குறைவு. தெருத் தண்ணீர் வாறுகால் வழியாகப் போய் எங்கேயாவது ஊருணியிலோ கண்மாயிலோ கடலிலோ சேர வேண்டும். ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வரத்துக்கால் பல ஊர்களில் இப்போது வீடுகளுக்கு நடுவே ஒரு சாதாரணச் சாக்கடை போலத்தான் தெரிகிறது. அதன் மேல் மண்ணைக் கொட்டி ராம்ப் போட்டால் நம் கண்ணுக்கு ஒரு கேட், ஊருணிக்கு ஓர் அடைப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது, ஊருணி யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் ஒரு கோடையில் அந்தக் குழாய் வராத வாரத்தில் கேட்டுப் பார்க்கட்டும்.

இதில் பெரும்பாலானவர்கள் செய்யும் சமாதானம் "அதான் பைப் போட்டுவிட்டோமே" என்பது. எந்த பைப் என்பதுதான் கேள்வி. நிரம்பி ஓடும் ஒரு குழாய் கடத்தும் தண்ணீர் அதன் விட்டத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. நீரோட்டத்தைக் கணக்கிடும் மானிங் சூத்திரப்படி, அதே வாட்டத்தில் 300 மில்லிமீட்டர் குழாயை விட 600 மில்லிமீட்டர் குழாய் ஏறத்தாழ ஆறு மடங்கு தண்ணீரைக் கடத்தும். திருப்பிப் போட்டுப் பாருங்கள், இரண்டடி அகல வாறுகாலில் ஓரடி குழாயைச் சொருகினால் பாதி குறைந்ததாக நாம் நினைக்கிறோம், நிஜத்தில் ஆறில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதுவும் குழாய் சுத்தமாக இருந்தால்தான்.

பொறியாளர் இடத்தைப் பார்க்க வரும்போது கேட் அழகைப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் முதல் ராம்ப்பின் ஓரத்தில் குனிந்து அடியில் எட்டிப் பார்ப்பார். குழாய் வாயில் பாதிக்கு மேல் கடல் மணலும் கறுப்புச் சேறும் இறுகி இருக்கும், மேலே மிச்சமிருக்கும் இடைவெளியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் பாலிதீன் பையும் சிக்கியிருக்கும், எதிர்ச்சுவரில் போன மழைக்குத் தண்ணீர் நின்ற கறை ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு சாலை மட்டத்துக்கு மேலே இருந்தால் இரண்டாவது ராம்ப்புக்கு அவர் எப்படிச் சம்மதிப்பார்? எனவே இரண்டாவது கேட் கேட்பதற்கு முன் முதல் கேட்டின் அடியைத் தூர்வாரி வைப்பது நல்லது.

ஏற்கக்கூடிய அமைப்பு எப்படி இருக்கும்?

1. வாறுகாலின் முழு அகலமும் ஆழமும் அப்படியே இருக்க, மேலே மட்டும் கான்கிரீட் சிலாப். குழாய் வேண்டாம்.

2. அந்த சிலாப் கழற்றி எடுக்கக்கூடிய துண்டுகளாக இருக்க வேண்டும். ஒரே வார்ப்பாகப் போட்டால் தூர்வார வருபவர் கடப்பாரையோடுதான் வர வேண்டும்.

3. வண்டியின் பாரம் தாங்கும் கம்பிக்கட்டு. மனிதர் நடக்கும் சிலாப்பும் தண்ணீர் லாரி ஏறும் சிலாப்பும் ஒன்றல்ல.

4. சரிவு முழுவதும் சுவருக்கு உள்ளே. தார்ச்சாலை ஓரத்துக்கு ஒரு விரல்கூட நீளக் கூடாது. இருட்டில் டூவீலரில் வருபவர் சறுக்கி விழுவது இந்த நீட்டலில்தான்.

நாலாவது நிபந்தனைக்கு மனைக்குள் இடம் வேண்டும். இரண்டடி உயரத்தை ஏற குறைந்தது பன்னிரண்டு, பதினைந்து அடி நீளச் சரிவு இருந்தால்தான் காரின் அடிவயிறு தட்டாது. அவ்வளவு இடம் உள்ளே இல்லாத வீட்டுக்கு இரண்டாவது வண்டி வழி பொருந்தாது, அதற்கு மேல் அதிகாரியைத் திட்டிப் பயனில்லை.

வரத்துக்காலோ கண்மாய் வாய்க்காலோ வேறு துறையின் பதிவில் இருந்தால் நகராட்சியின் அனுமதி மட்டும் போதாது. கண்மாய் ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007ஆம் ஆண்டு தனிச் சட்டமே இருக்கிறது. அதற்கு முன்பிருந்தே 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் புறம்போக்கில் உள்ள எதற்கும் பொருந்தும்.

போக்குவரத்துக் காரணம் எங்கே நிற்கும்?

பெரிய சாலையில் நிற்கும், அங்கே அதில் விவாதமே இல்லை. ஒரு சாலையில் ஒரு வழி திறந்தால் அந்த இடம் மூன்று பக்கச் சந்திப்பாக மாறுகிறது. மூன்று பக்கச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் வெட்டும், சேரும், பிரியும் புள்ளிகள் மொத்தம் 9 என்று போக்குவரத்துப் பொறியியல் கணக்கு. இரண்டாவது வழி திறந்தால் இன்னொரு 9. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பின்னால் வருபவருக்கு முன்னால் போகிறவர் எந்த கேட்டுக்குத் திரும்புகிறார் என்பதே புரியாது.

வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியச் சாலைக் குழுமத்தின் கணக்குப்படி 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஆபத்தைக் கண்டு நிற்க 45 மீட்டர் தேவை, 80 கிலோமீட்டர் வேகம் என்றால் 120 மீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் பக்கமோ ஏர்வாடி பக்கமோ காலியாகக் கிடக்கும் சாலையில் 80 என்பது யாருக்கும் வேகமாகவே தோன்றாது. சீமைக்கருவேல் இருபக்கமும் மறைத்து நிற்கும் ஒரு வளைவில், கேட்டிலிருந்து ரிவர்ஸில் கார் வெளியே வந்தால் அந்த 120 மீட்டர் யாருக்குக் கிடைக்கும்?

இதே கணக்கை இரண்டாவது கேட்டுக்கு ஆதரவாகவும் திருப்பலாம், பலர் இதைக் கவனிப்பதில்லை. முதல் கேட் நெடுஞ்சாலையிலும் இரண்டாவதாகக் கேட்பது பின்பக்கத் தெருவிலும் இருந்தால், "வண்டி எல்லாம் இனிப் பின்பக்கம்தான், முன்பக்கம் ஆள் நடக்க மட்டும்" என்று எழுதிக் கொடுப்பது மிக வலுவான வாதம். நெடுஞ்சாலையிலிருந்து ஒரு வண்டி வழி குறைகிறது. இடம் சிறியதாக இருந்து காரைத் திருப்ப முடியாமல் ரிவர்ஸில் மட்டுமே வெளியேறும் வீட்டுக்கும் இது பொருந்தும், ஒரு கேட்டில் நுழைந்து மறு கேட்டில் நேராக வெளியே போவது ரிவர்ஸை விடப் பாதுகாப்பானது. முக்கு வீட்டுக்காரர்கள் மட்டும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இரண்டாவது கேட்டைத் தெரு முக்கிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்க வேண்டும். முக்கிலேயே வைத்தால் இரண்டு தெருவிலிருந்து திரும்பும் வண்டியும் நம் கேட்டில்தான் வந்து முட்டும்.

சந்தில் கேட் வைப்பது வேறு கதை

கீழக்கரை மாதிரிப் பழைய ஊர்களில் இரண்டாவது கேட் பெரும்பாலும் பக்கத்துச் சந்தில் வருகிறது. இங்கே கேட்க வேண்டியது நகராட்சியையா, பக்கத்து வீட்டுக்காரரையா என்பதே முதலில் தெரியாது. சந்து இரண்டு வகை. ஒன்று நகராட்சியின் பதிவில் உள்ள பொதுச்சந்து. அதைத் தொட்டு நம் மனை இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் "எங்க முடுக்குல கேட் வைக்காதீங்க" என்று தடுக்க முடியாது. இன்னொன்று நாலைந்து வீட்டார் தங்களுக்குள் விட்டுக்கொண்ட வழி. அதில் யாருக்குப் பாத்தியம் என்பதைப் பத்திரம்தான் சொல்லும்.

பத்திரத்தில் நான்குமால், அதாவது மனையின் நான்கு பக்க எல்லை எழுதியிருக்கும் பகுதியைப் பாருங்கள். "கிழமேல் பொதுத்தெருவுக்குத் தெற்கு" என்று இருந்தால் ஒரு பொருள். "இன்னார் வீட்டுப் பாதைக்குத் தெற்கு" என்று இருந்தால் முற்றிலும் வேறு பொருள். பாதை உங்கள் எல்லையாக இருப்பதால் மட்டும் அதில் நடக்கும் உரிமை வந்துவிடாது. நடக்கும் உரிமை இருந்தாலும் கார் ஓட்டும் உரிமை தானாக வராது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் அவசியத்தால் வரும் வழியுரிமை என்று ஒன்று உண்டு. வேறு வழியே இல்லாத நிலத்துக்குத்தான் அது கைகொடுக்கும், ஏற்கெனவே ஒரு கேட் உள்ள வீட்டின் இரண்டாவது கேட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

பாகப்பிரிவினை நடந்த வீடு இதில் விதிவிலக்கு. அண்ணன் தம்பி இருவரும் மனையை முன்பாதி, பின்பாதியாகப் பிரித்துக்கொண்டால், பின்பாதிக்காரர் கேட்பது இரண்டாவது கேட் இல்லை, அவர் மனைக்கு அது முதல் கேட். பட்டா உட்பிரிவு ஆகியிருந்தால் மனுவை அப்படித்தான் எழுத வேண்டும். உட்பிரிவு ஆகாமல் "குடும்பத்துக்குள்ள பேசிக்கிட்டோம்" என்று போனால் பதிவேட்டில் அது இன்னமும் ஒரே மனைதான்.

கடல் பக்கம் திறக்க நினைப்பவர்கள்

கடற்கரையை ஒட்டி வீடோ விடுதியோ வைத்திருப்பவர்கள் மணல் பக்கம் ஒரு கேட் வைத்துப் பாதை போட ஆசைப்படுவது இப்போது அதிகமாகிவிட்டது. இங்கே கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை குறுக்கே வரும். 2011ஆம் ஆண்டு அறிவிக்கையில் ஊரகப் பகுதிகளுக்கு உயர் அலைக் கோட்டிலிருந்து (பெரிய அலை ஏற்றத்தில் கடல் நீர் எட்டும் எல்லை) 200 மீட்டர் வரை வளர்ச்சி தடை மண்டலம். 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் மக்கள் நெருக்கம் உள்ள ஊரகப் பகுதிகளில் இதை 50 மீட்டராகக் குறைத்தது, மற்ற இடங்களுக்கு 200 மீட்டர் அப்படியே தொடர்கிறது. புதிய அறிவிக்கைக்கு ஏற்பக் கடலோர மண்டல மேலாண்மை வரைபடம் திருத்தப்பட்ட பிறகுதான் அது செல்லும் என்றும் அதிலேயே இருக்கிறது. எனவே "50 மீட்டர் தாண்டிட்டோம்" என்று அவசரப்படுவதற்கு முன் எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

மணல் மேட்டை வெட்டிச் சமன் செய்வது இரண்டு அறிவிக்கையிலும் தடை. நகர்ப்புறக் கடற்கரையில் இன்னொரு நுணுக்கம் உண்டு: ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற பழைய கட்டிடத்துக்கோ நிலப்பக்கம்தான் கட்டிடம் அனுமதி. கடல் பக்கமாகப் புதிதாக ஒரு சாலை போட்டுவிட்டு, "இதோ சாலை, நான் அதற்கு நிலப்பக்கம்தானே இருக்கிறேன்" என்று சொல்லும் வித்தையை 2011 அறிவிக்கை முன்கூட்டியே யோசித்து அடைத்து வைத்திருக்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த மணல் சும்மா கிடப்பதாகத் தெரிந்தாலும் சும்மா கிடப்பதில்லை. கருவாடு காய்வது, வலை உலர்வது, வள்ளம் இழுத்து ஏற்றுவது எல்லாம் அங்கேதான். விடுதிக்காரர் கேட்டுக்கு நேராக வண்டி வரப் பாதை வேண்டும் என்றால் அங்கே உலரும் வலையை யாரோ சுருட்ட வேண்டியிருக்கும். மீனவக் கிராமங்களில் இந்த எதிர்ப்பு வருவது வீம்பால் இல்லை.

மனுவில் என்ன இருக்க வேண்டும்

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3500 சதுர அடி வரை தரைத்தளம், முதல் தளம் கொண்ட வீட்டுக்கு உடனடியாகக் கட்டிட அனுமதி வாங்கிவிடலாம். அது கட்டிடத்துக்கான அனுமதி. அதில் இரண்டாவது கேட்டை வரைந்துவிட்டால் வாறுகாலை மூடும் அனுமதியும் கிடைத்துவிட்டது என்று சில இன்ஜினியர்களே சொல்கிறார்கள், நம்ப வேண்டாம்.

1. எதற்கு இரண்டாவது வழி என்று ஒரே பத்தியில் நேரான காரணம். ரிவர்ஸ் சிக்கல், நெடுஞ்சாலை வழியைக் குறைப்பது, பின்கட்டில் சக்கர நாற்காலியில் இருக்கும் பெரியவர், இப்படி. வாஸ்துவை எழுத வேண்டாம். தெருக்குத்துக்குப் பரிகாரமாகக் கேட்டை மாற்றுவது அவரவர் நம்பிக்கை, ஆனால் அது பொறியாளர் ஏற்கக்கூடிய காரணம் இல்லை.

2. பட்டா, எஃப்.எம்.பி., அனுமதி பெற்ற வீட்டு வரைபடம்.

3. கையால் வரைந்தாலும் போதும், அளவோடு ஒரு படம்: இரண்டு கேட்டுக்கும் இடையே தூரம், முக்கிலிருந்து தூரம், வாறுகால் அகலம், ஆழம், சிலாப் கனம், மின்கம்பம், மரம், குழாய் எங்கே என்பது.

4. தூர்வார எப்போது வேண்டுமானாலும் சிலாப்பை என் செலவில் எடுத்துத் தருவேன், சாலை அகலமானால் இழப்பீடு கேட்க மாட்டேன் என்று ஓர் உறுதிமொழி. இந்த ஒரு தாள் பல மனுக்களை நகர்த்தியிருக்கிறது.

மின்கம்பம் நேராக நின்றால் மாற்றும் செலவு நம்முடையது, மின்வாரியத்தில் தனி விண்ணப்பம், பணம் கட்டிய பிறகுதான் வேலை. சாலையோர மரத்தை வெட்ட வேண்டும் என்றால் அது மாவட்டப் பசுமைக் குழுவரை போகும். என்னைக் கேட்டால், மரம் இருக்கும் இடத்தில் கேட்டை நாலடி தள்ளி வைப்பதுதான் விரைவான வழி.

இரண்டாவது கேட் கடைக்கோ குடோனுக்கோ திறக்கிறது என்றால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொத்துவரியும் மின்கட்டணமும் வணிக விகிதத்துக்கு மாறும், மாறத்தான் வேண்டும். வீடு என்று அனுமதி வாங்கி ஐஸ் வண்டி ஏற்றினால், முதல் புகாரிலேயே அனுமதி போய்விடும்.

மறுத்தால்

வாய்மொழியாக "முடியாது சார்" என்று சொல்லி அனுப்பினால் அது மறுப்பே இல்லை. காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவின் நிலையைக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கு மேல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் "மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கவும்" என்ற உத்தரவுதான். "கோர்ட் ஆர்டர் வாங்கிட்டேன்" என்று அதைக் காட்டி மறுநாளே சிலாப் போடுபவர்கள் ஆர்டரின் கடைசிப் பத்தியைப் படிக்கவில்லை என்று அர்த்தம். பரிசீலித்து மறுபடி மறுக்கவும் அதிகாரிக்கு உரிமை இருக்கிறது, காரணம் மட்டும் உருப்படியாக இருக்க வேண்டும்.

அனுமதி கேட்காமல் ஏற்கெனவே ராம்ப் போட்டுவிட்டவர்கள்தான் நம் ஊரில் அதிகம். அவர்களுக்கு நிலைமை இதுதான்: எத்தனை வருடம் இருந்தாலும் பொதுத்தெருவில் நீட்டிய ராம்ப் நம் சொத்தாகாது, நோட்டீஸ் கொடுத்து எடுக்கலாம், எடுத்ததற்கு இழப்பீடு கிடையாது. வீட்டை விற்கும்போது வங்கி வழக்கறிஞர் அனுமதி வரைபடத்தில் இல்லாத வழியைப் பார்த்துக் கேள்வி போடவும் வாய்ப்புண்டு. இவர்களுக்கு நல்ல வாய்ப்பு ஒன்று வரும், தெருவில் புதிதாக மழைநீர் வாறுகால் கட்ட வேலை தொடங்கும் நேரம். மதிப்பீடு போடும் கட்டத்திலேயே உதவிப் பொறியாளரைப் பார்த்து, கேட்டுக்கு நேரே பாரம் தாங்கும் சிலாப் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், கூடுதல் கம்பிக்கான செலவோடு வேலை முடிந்துவிடும். கான்கிரீட் இறுகிய பிறகு போனால் உடைக்கவும் அனுமதி வாங்க வேண்டும், கட்டவும் அனுமதி வாங்க வேண்டும்.